வளவு ஞாயிறும் தெரு ஞாயிறும்

"இஞ்ச ஞாயிற்றுக்கிழமையிலயும் ஒரு ஆறுதல் இல்லை. சனமும் சத்தமும்தான். எங்கட ஊருக்கு ஒருக்கா வந்து பாருங்கோ, லீவெண்டால் என்னெண்டு தெரியும்."

சொன்னவர் என் அக்கா மகளின் மாமனார், யாழ்ப்பாணத்துக்காரர். கண் ஆபரேஷனுக்காகச் சென்னை வந்தவர், வியாசர்பாடியில் எங்கள் வீட்டில் மதியம் சாப்பிட்டுவிட்டு இதைச் சொன்னார். வயதில் பெரியவர், அதிலும் சம்பந்தி. அன்று நான் வாய் திறக்கவில்லை. பொங்கலை ஒட்டி பலாலிக்கு விமானம் ஏறி, அவர் ஊர் ஞாயிற்றையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். இப்போது பேசலாம்.

அவர் ஊர் அழகுதான். வீட்டைச் சுற்றி வேலியடைத்த வளவு. வளவுக்குள் கிணறு, மா, முருங்கை, கட்டிப் போட்ட ஆடு, மேயும் கோழி, கேட்டருகே படுத்திருக்கும் நாய். ஞாயிறு காலையில் அந்த வேலிக்குள் யாரும் அவசரப்படுவதில்லை. மதியம் ஒடியல் கூழ். பனங்கிழங்கு மாவில் மீனும் நண்டும் இறாலும் மரவள்ளியும் பலாக்கொட்டையும் சேர்த்துக் காய்ச்சி, பனையோலைப் பிளாவில் ஊற்றித் தருகிறார்கள். சாயங்காலம் காரைநகர் கசூரினா கடற்கரை, இல்லையென்றால் கீரிமலைக் கேணி. திரும்பும் வழியில் நல்லூரில் ஐஸ்கிரீம். வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழாவையும் காட்டினார்கள். ஆள் உயரத்துக்கு மேலான பட்டங்கள் கடற்கரையிலிருந்து ஏறுகின்றன. எங்கள் காத்தாடிக்கு மாஞ்சா நூலால் கெட்ட பெயர் வந்து, தடையும் வந்துவிட்டது. அந்த விஷயத்தில் அவர்களைப் பார்த்து நாங்கள் கற்க வேண்டும்.

பேச்சிலேயே ஓய்வு வேறு மாதிரி இருக்கிறது. 'ஆறுதலாய் இருங்கோ' என்றால் நிதானமாக இருக்கச் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் ஆறுதல் சொல்வது சாவு வீட்டில். 'அடுத்த கிழமை' அங்கே அடுத்த வாரம். வஞ்சிரம் அங்கே அறக்குளா, எங்கள் கடம்பா அங்கே கணவாய். கால்பந்து உதைபந்து, கேரம் கரம். தாய்வழிப் பாட்டி அம்மம்மா. எங்களுக்கு எல்லாப் பாட்டியும் ஆயாதான்.

இனி எங்கள் ஞாயிறு. விடிவதற்கு முன்பே அது காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் தொடங்கிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அது போக மற்ற ஞாயிறுகளில் வட சென்னையே துறைமுகத்தில்தான் நிற்கும். மீன் வாங்காத வீட்டில் பெரம்பூர்ப் பக்கம் போய் மாட்டுக்கறி வாங்கி வருவார்கள். ஒரு வீட்டுக் குழம்பு மணம் பத்து வீட்டுக்குப் போகும். கிண்ணமும் பின்னாலேயே போகும்.

எங்களிடம் வளவு இல்லை, மொட்டை மாடி இருக்கிறது. தம்பி அங்கே பந்தயப் புறா வளர்க்கிறான். கம்பு, சோளம், பட்டாணி என்று அவற்றின் தீனி தனிக் கணக்கு. பந்தயத்தன்று பறவைகளை ஓங்கோலில் திறந்துவிடுவார்கள், 250 கிலோமீட்டருக்கும் மேல். ஹோமர் புறா வழி தெரிந்து வீட்டுக்கு மேலே வந்துவிடும், ஆனால் வந்தால் மட்டும் போதாது. கூட்டுக்குள் இறங்க வேண்டும். காலிலுள்ள ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கடிகாரத்தில் போட்டால்தான் நேரம் பதிவாகும். மிரண்டுபோய்ப் பக்கத்து மாடியில் உட்கார்ந்துவிட்டால் பந்தயம் போச்சு. அதனால் வடக்கு வானத்தில் ஒரு புள்ளி தெரிந்ததும் தெருவே வாயை மூடிக்கொள்ளும். பையன்கள் பந்தைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். எதிர்வீட்டு ஆயா துணி உதறுவதை நிறுத்திவிடும். தம்பி தீனி டப்பாவை மெல்லக் குலுக்குவான். அந்த நிமிடத்தில் சம்பந்தி எங்கள் மாடியில் நின்றிருந்தால் சத்தம் என்று சொல்லியிருக்க மாட்டார்.

புறா இறங்கியதும் பந்தும் இறங்கும். வியாசர்பாடிக்குக் 'குட்டி பிரேசில்' என்று பெயர் வந்தது சும்மா இல்லை. முல்லை நகர் மைதானத்தில் ஞாயிறு முழுக்க ஆட்டம் நடக்கும். உலகக் கோப்பை வந்தால் சுவரெல்லாம் கொடி ஏறும். சாயங்காலம் வியாசர்பாடி ஜீவா நிலையத்தில் ஐந்து ரூபாய் டிக்கெட் எடுத்தால் பேசின் பிரிட்ஜ், அடுத்து சென்ட்ரல். அங்கிருந்து மெரினா. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதன்பிறகு எங்கள் அம்மா யாரையும் காசு கேட்காமல் திருவொற்றியூர் வடிவுடையம்மனைப் பார்த்துவிட்டு வருகிறார்.

இரவுச் சாப்பாட்டுக்கு அத்தோ. நூடுல்ஸில் முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர் சேர்த்துக் கையால் பிசைந்து, மொறுமொறு பேஜோவை நொறுக்கிப் போட்டு, வாழைத்தண்டு சூப்போடு கொடுப்பார்கள். 1962-ல் பர்மாவில் நெ வின் ஆட்சியைப் பிடித்தபின் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறிய தமிழர்களில் பலர் வியாசர்பாடியில்தான் குடியேறினார்கள். அவர்கள் கைப்பக்குவம் இது. இலங்கையின் கொத்து ரொட்டி நல்ல சாப்பாடு, மறுக்கவில்லை. ஆனால் அத்தோவில் ஒரு குடிபெயர்வின் கதையே இருக்கிறது. வீடிழந்து வந்தவர்களுக்கு இடம் விட்டு வளர்ந்த ஊர் எங்களுடையது. போரில் வீட்டையும் கிணற்றையும் விட்டு ஓடி, பல வருடம் கழித்துத் திரும்பிய சம்பந்திக்கு வேலிக்குள் அமைதி எவ்வளவு பெரிய சொத்து என்பது எனக்குப் புரிகிறது. எங்கள் மக்களுக்கு அந்த வேலியே கிடைத்ததில்லை. கைகால் நீட்ட வீட்டில் இடமில்லாதவர்கள் தெருவை வீடாக்கிக்கொண்டார்கள்.

இந்த ஞாயிற்றை யாரும் சும்மா தரவில்லை. 1890-ல் பம்பாய் மில் தொழிலாளர்கள் நாராயண் மேகாஜி லோகண்டே தலைமையில் போராடித்தான் ஞாயிறு விடுமுறையைப் பெற்றார்கள். எங்கள் பக்கத்துப் பெரம்பூரில் பின்னி மில் தொழிலாளர்களைக் கொண்டு 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் அதில் முன்னின்றார்கள். சங்கு ஊதினால் ஓடிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாங்கள். வாரத்தில் ஒரு நாள் தெருவில் இரைச்சல் போட்டுச் சிரிப்பது எங்கள் உரிமை.

குறை இல்லாமல் இல்லை. காற்று திரும்பினால் கொடுங்கையூர்க் குப்பைமேடு மணக்கும். பெருமழையில் கணேசபுரம் சுரங்கப்பாதை குளமாகிவிடும். அதற்கெல்லாம் எங்கள் மக்கள் பொறுப்பல்ல.

ஒரே ஒரு விஷயத்தில் இலங்கை எங்களை வென்றுவிட்டது: போயா. ஒவ்வொரு பௌர்ணமியும் அங்கே அரசு அலுவலகம், வங்கி, வர்த்தக நிறுவனம் எல்லாவற்றுக்கும் விடுமுறை. 1966 முதல் சில ஆண்டுகள் ஞாயிற்றையே எடுத்துவிட்டு, நிலவின் கணக்கில் வார விடுமுறை விட்டுப் பார்த்தார்கள். அது சரிவராமல் 1971-ல் ஞாயிறு திரும்பியது, பௌர்ணமி விடுமுறை மட்டும் நிலைத்தது. அது பௌத்தத்தின் நாள் என்று தமிழர்கள் முணுமுணுக்கலாம். ஆனாலும் மாதத்தில் ஒரு நாள் கடைப் பணியாளருக்கும் மேலாளருக்கும் சேர்ந்தாற்போல் விடுமுறை வருகிறது. எங்கள் தெருவிலோ, புறா வருவதைப் பார்க்க வேண்டிய பையன்களில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமையும் துணிக்கடையில் நிற்கிறார்கள், சாப்பாட்டுப் பார்சலோடு வண்டியில் பறக்கிறார்கள்.

ஓய்வை எப்படிக் கொண்டாடுவது என்று வியாசர்பாடிக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் மாதம் ஒரு நாளாவது பெரும்பாலானவர்களுக்கு ஒரே நேரத்தில், சம்பளம் பிடிக்காமல் விடுமுறை கொடுக்க இலங்கையால் முடிகிறது. தமிழக அரசு அதைக் கடைப் பணியாளர்களுக்கும் டெலிவரி ஊழியர்களுக்கும் சட்டமாகவே கொண்டுவர வேண்டும்.