வருகைப் பதிவேட்டில் இல்லாத பெயர்

ஆண்டுதோறும் அரசுப் பொதுத்தேர்வு முடிவுகள் வெளியானவுடன் நம் பள்ளிகளின் வாயில்களில் விளம்பரத் தட்டிகள் எழுகின்றன. 'நூறு விழுக்காட்டுத் தேர்ச்சி' என்னும் செய்தி பெரிய எழுத்துகளில் மின்னுகிறது. ஞாயிறு திருப்பலியின் முடிவில் முதலிடம் பெற்றவர்களைப் பங்குத்தந்தை பாராட்டுகிறார், நாமும் கைதட்டுகிறோம். மகிழ வேண்டிய நேரம் அது, மகிழ்வதில் தவறில்லை. ஆனால் அந்தத் தட்டியை எழுதும்போது எவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. நூறு என்பது எந்த எண்ணிக்கையில் நூறு? ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளுள் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு அறை வரை வந்து சேர்ந்தார்கள்?

இதே கேள்வியை 1967-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்த ஒரு சிறு நூல் கேட்டது. இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் அச்சான அந்நூலின் பெயர் 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்'. அட்டையில் ஆசிரியர் பெயர் இல்லை. 'பார்பியானா பள்ளி' என்று மட்டுமே இருந்தது. எழுதியவர்கள் எட்டு மாணவர்கள். மலைச்சரிவில் வாழ்ந்த ஏழை உழவர்களின் பிள்ளைகள். நிதியில்லை, ஆசிரியரில்லை, மாணவரின் மனநிலை சரியில்லை என்று நம் பள்ளிகளைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்நாளில், அந்நூலை மீண்டும் எடுத்துப் படிப்பது பயனுடையது என்று எண்ணுகிறோம். அதைப் போற்றுவதோடு நில்லாமல், அது தவறும் இடங்களையும் காண வேண்டும்.

மலையுச்சிக்கு அனுப்பப்பட்ட குரு

அம்மாணவர்களின் ஆசிரியர் அருட்தந்தை லொரென்சோ மிலானி. 1923-இல் பிளாரன்சின் செல்வக் குடும்பமொன்றில் பிறந்த அவர் 1947-இல் குருப்பட்டம் பெற்றார். முதலில் பணியாற்றிய பங்கில் இளந்தொழிலாளர்க்கு மாலைப் பள்ளி நடத்தினார். அவருடைய வெளிப்படையான பேச்சு பலருக்கு உவப்பாக இல்லை. 1954-ஆம் ஆண்டின் இறுதியில், மூடிவிடலாம் என்று கருதப்பட்ட பார்பியானா என்னும் மலைப் பங்கிற்கு அவர் அனுப்பப்பட்டார். முறையான சாலையோ மின்சாரமோ அங்கு இல்லை. சிதறிக் கிடந்த சில வீடுகளே பங்கு. அங்கும் அவர் முதலில் செய்தது பள்ளி தொடங்கியதுதான்.

நாட்டின் நிலையையும் இங்கே நினைவுகொள்ள வேண்டும். 1962-இன் இறுதியில் இத்தாலி, பதினான்கு வயது வரை எல்லாருக்கும் ஒரே வகையான நடுநிலைப் பள்ளி என்று சட்டம் இயற்றியது. சட்டம் திறந்த கதவை ஆண்டுத் தேர்வு மீண்டும் அடைத்தது. வீட்டில் நூல்களோ திருத்தமான பேச்சோ இல்லாத பிள்ளைகள் தோல்வியுற்று, ஒரே வகுப்பில் மீண்டும் அமர்த்தப்பட்டு, வெட்கி, வயலுக்கும் ஆலைக்கும் திரும்பினர். அவ்வாறு தள்ளப்பட்டவர்களே மிலானியின் மாணவர்கள். அவர்களுள் சிலர் நகரின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குச் சென்று அங்கும் தோல்வியுற்றபோது, அவர்களைத் தோல்வியுறச் செய்த ஆசிரியைக்கு எழுதப்பட்டதே இக்கடிதம்.

எட்டுப் பேரின் ஒரே குரல்

நூலின் வலிமை முதலில் அதன் நடையில் உள்ளது. சின்னஞ்சிறு வாக்கியங்கள், அலங்காரமில்லை, எதிரே அமர்ந்திருப்பவரை நோக்கிப் பேசும் நேர்மை. எழுதிய முறையையும் மாணவர்களே விளக்குகிறார்கள். ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியதைத் தனித்தனித் தாளில் குறித்தனர். பின்னர் அத்தாள்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கினர். திரும்பத் திரும்ப வந்தவற்றை நீக்கினர். எளியவர்க்கு விளங்காத சொல்லை மாற்றினர். வெளியாரிடம் படித்துக் காட்டித் திருத்தினர். பேச அஞ்சிய பிள்ளைகள் ஒன்றுகூடித் தங்களுக்கென ஒரு குரலை வடித்தெடுத்தார்கள். சொல்வன்மை பிறவியில் வருவது என்று நம்பும் நமக்கு இதுவே ஒரு பாடம்.

இரு பிள்ளைகளை நூல் நம்முன் நிறுத்துகிறது. ஒருவன் மருத்துவரின் மகன் பியரீனோ. பள்ளியில் பேசப்படும் மொழியை வீட்டிலேயே கற்று வந்தவன். மற்றவன் ஜான்னி, பேசத் தெரிந்தும் பள்ளியின் மொழியில் பேசத் தெரியாதவன். இருவரையும் ஒரே அளவுகோலால் அளப்பது நீதியன்று என்பதே மாணவர்களின் வாதம். கோபம் மட்டும் இருந்திருந்தால் நூலை எளிதில் தள்ளிவிடலாம். ஆனால் அவர்கள் பள்ளிப் பதிவேடுகளையும் அரசுப் புள்ளிவிவரங்களையும் திரட்டி, வெளியேறியவர்கள் யாருடைய பிள்ளைகள் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். ஆண்டு முடிவில் எஞ்சியவர்களை மட்டுமே ஆசிரியை பார்க்கிறார். இழந்தவர்களை அவர் பார்ப்பதில்லை என்பது அக்கணக்கின் சாரம். நோயாளியை வெளியேற்றி நலமானவனைப் பேணும் மருத்துவமனைக்கு அவர்கள் பள்ளியை ஒப்பிடுகிறார்கள்.

மூன்று சீர்திருத்தங்களை நூல் முன்வைக்கிறது. கட்டாயக் கல்வியில் எவரையும் தோல்வியுறச் செய்யாதீர்கள். பின்தங்கியவர்க்கு முழுநாள் பள்ளி நடத்துங்கள். ஆர்வமற்றவர்க்கு ஒரு குறிக்கோளைக் கொடுங்கள். முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுவது எளிது. நாம் அதைத்தான் செய்திருக்கிறோம். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை எவரையும் நிறுத்திவைக்கலாகாது என்றது. நடுவணரசு பின்னர் 2019-இல் அதைத் தளர்த்தியபோதும், அம்முறை தொடரும் என்று 2024-இல் தமிழ்நாடு அறிவித்தது. நல்ல முடிவே. ஆனால் கற்பிக்காமல் மேல்வகுப்பிற்கு ஏற்றிவிடுவது கருணையாகாது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாமல் ஒன்பதாம் வகுப்பை அடையும் பிள்ளைக்கு அங்கேதான் உண்மையான தீர்ப்பு காத்திருக்கிறது.

நம் வாசலில் ஜான்னி

அத்தீர்ப்பு எவ்வாறு வழங்கப்படுகிறது என்பதை நாம் அறிவோம். ஒன்பதாம் வகுப்பின் முடிவில் தாய் அழைக்கப்படுகிறார். 'இங்கு உங்கள் மகனால் முடியாது. வேறு பள்ளியில் சேர்த்துக்கொள்ளுங்கள். தேர்ச்சி என்று எழுதியே தருகிறோம்' என்று கனிவாகவே சொல்லப்படுகிறது. கூலி வேலையை ஒருநாள் விட்டுவிட்டு வந்த தாய் கையொப்பமிடுகிறார். மாற்றுச் சான்றிதழ் கைமாறுகிறது; அடுத்த ஜூன் மாதத்தில் அப்பெயர் வருகைப் பதிவேட்டில் இராது. எல்லாப் பள்ளிகளிலும் இது நடப்பதாகச் சொல்வது அநீதி. ஆயினும் புனிதர்களின் பெயரைத் தாங்கிய வாயில்களிலும் இது நடக்கிறது என்பதை மறைத்துப் பேசுவதும் அநீதியே. காணாமற்போன ஆட்டைத் தேடிச் சென்ற ஆயனைப் பற்றி மறையுரை கேட்கும் நாம், ஆட்டைத் தொழுவத்திற்கு வெளியே நாமே நடத்திச் செல்கிறோம்.

நிர்வாகத்தாரின் மறுமொழி நமக்குத் தெரியும். பணமில்லை, ஆசிரியரில்லை. இதில் உண்மை உண்டு. 1855 முதல் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்த மானிய முறையின் வழியாக, நம் முன்னோர் கட்டிய பள்ளிகளில் அரசு ஊதியத்தில் ஆசிரியர்கள் பணியாற்றி வருகின்றனர். ஆனால் ஊதியம் தவிர்ந்த பராமரிப்பிற்குக் கிடைப்பது மிகச் சொற்பம். ஓய்வுபெற்றவரின் இடத்தில் நியமிக்கப்பட்டவர், அரசின் ஒப்புதல் வரும்வரை ஊதியமின்றி ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதும், நீதிமன்றப் படியேறுவதும் நாம் கண்டவை. பணியிலுள்ள ஆசிரியரும் தகுதித் தேர்வில் வெற்றிபெற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, சிறுபான்மைப் பள்ளிகளைப் பற்றிய வினாவைப் பெரிய அமர்விற்கு அனுப்பியது. அத்தீர்ப்பு ஆசிரியர் அறைகளில் எத்தனை கலக்கத்தை விளைவித்தது என்பதும் நமக்குத் தெரியும்.

ஆனால் இம்மறுமொழியின் உள்ளே ஒரு முரண் இருக்கிறது. பணியிடங்களைத் தீர்மானிப்பது மாணவர் எண்ணிக்கை. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, அறுபது பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். அறுபத்தொன்று முதல் தொண்ணூறு வரை மூவர். அறுபத்தொன்றாம் பிள்ளை விலகினால் ஓர் ஆசிரியரும் உபரியாகிறார். மேல்வகுப்புகளில் அளவு வேறாயினும் விதி இதுவே. இடர்ப்படும் பிள்ளையை அனுப்பிவிட்டு ஆசிரியர் பற்றாக்குறையைப் பற்றிப் புலம்பும் பள்ளி, அமர்ந்திருக்கும் கிளையையே வெட்டுகிறது. நிதியும் ஆசிரியரும் பிள்ளையின் நலனும் தனித்தனிச் சிக்கல்கள் என்று நாம் கருதுகிறோம். கணக்கேடு அவ்வாறு கருதுவதில்லை.

காலியான தமிழ்வழி வகுப்பறைகளின் அருகிலேயே சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவு தோன்றுகிறது. கட்டணம் கட்ட இயலாதவரை அது தானாகவே வடிகட்டிவிடுகிறது. அங்கே கற்பிப்பவரின் நிலை என்ன? ஒரே வளாகத்தில், ஒரே மணியோசைக்கு வகுப்பிற்குச் செல்லும் இருவருள், அரசு ஊதியம் பெறுபவரின் வருவாயில் ஒரு சிறு பங்கே மற்றவருக்குக் கிடைக்கிறது. நீதியான கூலியைப் பற்றித் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் எழுதிய சுற்றுமடலை நாம் கருத்தரங்குகளில் போற்றுகிறோம். அதை முதலில் படிக்க வேண்டிய இடம் நம் பள்ளி அலுவலகம்.

அரசு செய்த நன்மையையும் சொல்லவேண்டும். 2022-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2024 ஜூலை 15 அன்று கீழச்சேரியில் ஊரகப் பகுதிகளின் உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்ட் 26 அன்று மயிலாப்பூரில் நகர்ப்புறத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிவுபெற்றது. இரு விழாக்களும் கிறிஸ்தவப் பள்ளிகளிலேயே நடைபெற்றன. பசித்து வரும் பிள்ளைகள் இன்றும் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? உணவு வந்துவிட்டது. அப்பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பு வரை கொண்டுசேர்க்கும் மனம் நம்மிடம் வரவேண்டும்.

நூல் தவறும் இடங்கள்

பார்பியானாவின் மாணவர்கள் சொன்னவை அனைத்தையும் நாம் ஏற்கவேண்டியதில்லை. கடிதத்தில் ஆசிரியைக்கு வாய் இல்லை. நெரிசலான வகுப்பறை, மேலதிகாரியின் கெடுபிடி, வீட்டில் காத்திருக்கும் குடும்பம் ஆகியவை அவருக்கும் உண்டு. முழுநாள் பள்ளி நடத்துவோர் மணமாகாதவராயிருப்பது நலம் என்ற எல்லை வரைக்கும் மாணவர்கள் செல்கிறார்கள். பொதுநிலையினரான ஆசிரியர்களின் தோள்களில் நிற்கும் நம் பள்ளிகளுக்கு அது பொருந்தாது. அவர்களின் இல்லற அழைத்தலும் இறைவன் தந்ததே. பியரீனோவும் பிள்ளைதான், வசதியான வீட்டில் பிறந்தது அவன் குற்றமன்று. அதிக மதிப்பெண் வேண்டுமென்ற சுமையில் அவனும் உறக்கமிழக்கிறான் என்பதை நூல் காணவில்லை. பார்பியானாவில் பள்ளி நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம், ஆண்டின் எல்லா நாள்களிலும் நடந்தது. கண்டிப்பிற்குப் பிரம்பும் பயன்பட்டது. பிள்ளையின் உடலையும் உள்ளத்தையும் பற்றி இன்று நாம் அறிந்தவற்றோடு இவை ஒவ்வா.

மற்றொன்றும் உண்டு. அங்கே இருக்கைகளில்லை, கரும்பலகையில்லை. ஒவ்வொரு நூலிலும் ஒரு படியே இருந்தது. இதைக் காட்டி, பணமின்றியே பள்ளி நடத்தலாம் என்று எவரேனும் சொன்னால் அது தவறான வாசிப்பு. அப்பள்ளி ஒரு மனிதரின் வாழ்நாளைச் செலவிட்டு நடந்தது. கடிதம் வெளியான மறுமாதம், ஜூன் 26 அன்று, நாற்பத்துநான்காம் வயதில் மிலானி மறைந்தார், பள்ளியும் நீடிக்கவில்லை. ஒருவரின் தியாகத்தை நம்பி நூற்றுக்கணக்கான பள்ளிகளை நடத்த முடியாது. அரசின் மானியமும் முறையான நியமனமும் நாம் கேட்டுப் பெறவேண்டிய உரிமைகள்.

இத்தனை குறைகளுக்குப் பின்னும் நூல் நம் நெஞ்சை விட்டு அகலாததற்குக் காரணம் அந்த முதற்கேள்விதான். அப்பள்ளியின் சுவரில் 'ஐ கேர்' என்ற இரு ஆங்கிலச் சொற்கள் எழுதப்பட்டிருந்தன. எனக்கு இதில் அக்கறை உண்டு என்பது பொருள். பெரியவன் சிறியவனுக்குக் கற்பித்தான். தான் யாருக்கோ தேவைப்படுகிறோம் என்ற உணர்வு அவனை நிமிர்த்தியது. மாணவரின் மனநலத்திற்கு ஆலோசகர்கள் வேண்டும் என்பது உண்மை. எனினும் தன்னை எவரும் அனுப்பிவிடமாட்டார்கள் என்ற உறுதியே பிள்ளையின் மனநலத்திற்கு அடித்தளம் என்று நாம் நம்புகிறோம். கிறிஸ்தவக் கல்வியைப் பற்றி 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கையும், வறியோரையும் குடும்பத்தின் அரவணைப்பு இல்லாதோரையும் சிறப்பாகக் கவனிக்குமாறே வேண்டுகிறது. 2017 ஜூன் 20 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் பார்பியானாவின் சிறு கல்லறைக்குச் சென்று செபித்தார். ஒதுக்கி வைத்த மகனின் அருகே திருச்சபை வந்து நிற்க ஐம்பது ஆண்டுகள் ஆயின.

நம் பிள்ளைகளுக்கு அத்தனை ஆண்டுகள் இல்லை. அடுத்த தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில், தட்டி எழுதுவதற்கு முன், நான்காண்டுகளுக்கு முந்தைய ஆறாம் வகுப்புப் பதிவேட்டைத் தலைமையாசிரியர் எடுத்து மேசைமேல் வைக்கட்டும். பங்குப் பேரவையினரும் உடனமர்ந்து, இன்று இல்லாத பெயர்களைக் கோடிட்டுக் குறிக்கட்டும். அவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பது நம் அன்பியங்களுக்குத் தெரியும். அந்த வீடுகளுக்குச் சென்று வந்த பிறகு, எத்தனை விழுக்காடு என்று எழுதுவதை நாமே முடிவு செய்வோம்.