ஏழு வண்டிகளும் ஒரு ஏரியும்: தீ விபத்துச் செய்திகளை வாசிப்பது பற்றி

நம் நாளிதழ்களில் தீ விபத்துச் செய்திக்கென்று ஓர் அச்சு இருக்கிறது. ஊரையும் தேதியையும் மாற்றினால் போதும். தகவலறிந்து வீரர்கள் விரைந்து வருவார்கள். இத்தனை வாகனங்கள் வரவழைக்கப்படும். பல மணி நேரம் போராடி தீயைக் கட்டுக்குள் கொண்டு வருவார்கள். பல லட்சம் மதிப்புள்ள பொருட்கள் எரிந்து நாசமாகும். மின்கசிவே காரணம் எனக் கூறப்படும். கொஞ்சம் கோபமான நிருபர் என்றால் "தாமதமாக வந்ததாகப் பொதுமக்கள் குற்றம்சாட்டினர்" என்று ஒரு வரி சேரும்.

சில வருடங்களாக இந்தச் செய்திகளைக் கத்தரித்து ஒரு கோப்பில் சேர்த்து வருகிறேன். அவற்றில் ஏறக்குறைய எதிலுமே இல்லாத ஒரு விஷயம் உண்டு. தண்ணீர் எங்கிருந்து வந்தது?

சின்ன விஷயம்போலத் தெரியலாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஒரு கோடைக்கால இரவு வரை.

நான் இருப்பது திருமழிசை. 2020ல் கோயம்பேடு காய்கறிச் சந்தை தற்காலிகமாக இங்கே வந்தபோதுதான் பலர் எங்கள் ஊர் பெயரையே கேள்விப்பட்டார்கள். சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. அதைச் சுற்றி வருடா வருடம் குடோன்களும் தகர ஷெட்டுகளும் பெருகுகின்றன. அப்படி ஒரு பழைய பிளாஸ்டிக் ஷெட் அன்று இரவு பற்றிக்கொண்டது. முதல் வண்டி வந்தது. இரண்டு பக்கமும் ஹோஸ் இழுத்து அடித்தார்கள். ஐந்து நிமிஷம்கூட இருக்காது, தண்ணீர் நின்றுவிட்டது. வண்டி ரிவர்ஸ் எடுத்தது. கூட்டம் மறித்துக்கொண்டது.

"எரிஞ்சிக்கினே இருக்கு, எங்க கிளம்புறீங்க?"

"தண்ணி புடிக்கத்தான் போறோம்ண்ணா, வழி விடுங்க."

யாரும் நம்பவில்லை. வண்டிக் கதவில் ரெண்டு அடி விழுந்தது. அந்த வாக்குவாதத்தில் போன நிமிஷங்கள் தனி. மறுநாள் செய்தியில் "போராடி அணைத்தனர்" வந்தது, "தாமதம்" வந்தது. வண்டி ஏன் திரும்பிப் போனது என்பது மட்டும் வரவில்லை. மறித்தவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் உண்டு. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் வாசித்த எந்தச் செய்தியும் தீயணைப்பு வண்டியில் தண்ணீர் தீரும் என்று சொன்னதில்லை, அவ்வளவுதான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நம் ஊர்களில் பரவலாக இருக்கும் வாட்டர் டெண்டரின் தொட்டி 4,500 லிட்டர். அதன் பம்ப் நிமிடத்துக்கு 1,800 லிட்டர் வரை தள்ளும். முழு வேகத்தில் ஓட்டினால் இரண்டரை நிமிஷத்தில் தொட்டி காலி. அப்படி ஓட்ட மாட்டார்கள். 20 மில்லிமீட்டர் நாசில் ஒன்று, 4 பார் அழுத்தத்தில், நிமிடத்துக்குச் சுமார் 500 லிட்டர் அடிக்கும். இரண்டு நாசில் என்றால் 1,000. தொட்டி நாலரை நிமிஷம் தாங்கும்.

அதற்குப் பிறகு? தண்ணீர் பிடிக்கும் இடம் நாலு கிலோமீட்டர் தள்ளி என்று வைப்போம். போக 10 நிமிஷம், நிரப்ப 10, திரும்ப 10. ஆக, அரை மணிக்கு ஒரு நடை. 4,500 லிட்டரை 30 நிமிஷத்தால் வகுத்தால் 150. அதாவது நிமிடத்துக்கு 1,800 லிட்டர் தள்ளக்கூடிய வண்டி, தண்ணீர் தூரத்தில் இருந்தால், 150 லிட்டர் வண்டி ஆகிவிடுகிறது. இரண்டு நாசில்களை நிற்காமல் ஓட்ட வேண்டுமானால் இப்படி ஏழு வண்டிகள் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இங்கேதான் செய்தியின் மொழி நம்மை ஏமாற்றுகிறது. "ஏழு வாகனங்கள்" என்று வாசித்ததும் தீ எவ்வளவு பெரியது என்று நினைத்துக்கொள்கிறோம். பல நேரங்களில் அந்த எண், தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதைத்தான் சொல்கிறது. பக்கத்திலேயே நிரம்பிய தொட்டி ஒன்று இருந்திருந்தால் இரண்டு வண்டி போதுமாக இருந்திருக்கலாம்.

எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் செம்பரம்பாக்கம் ஏரி. அதன் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, சுமார் 10,300 கோடி லிட்டர். "ஏரி பக்கத்துலயே இருக்கே, அதுல எடுக்க வேண்டியதுதானே?" என்று அந்த இரவிலும் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் பம்பில் இருக்கிறது.

பம்ப் தண்ணீரை உறிஞ்சுவதில்லை. உறிஞ்சு குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்றுகிறது, வெளியே இருக்கும் வளிமண்டல அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கணக்குப்படி சுமார் 10 மீட்டர் உயரம் வரை அது தள்ளும். நடைமுறையில் 7 மீட்டர் கிடைத்தாலே நல்ல பம்ப். கோடையில் ஏரி உள்வாங்கும்போது கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே சேறு. பத்து டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை அதில் இறக்க முடியாது. வண்டி நிற்க உறுதியான மேடை இருந்தால்தான் ஏரி பயன்படும். இல்லாவிட்டால் அது பார்ப்பதற்கு மட்டும்தான்.

பராமரிப்பு என்பதும் செய்தியில் "பழைய வண்டிகள்" என்ற இரண்டு சொல்லோடு முடிந்துவிடுகிறது. வண்டியின் வயசு ஒரு பங்குதான். உறிஞ்சு குழாயின் இணைப்பில் இருக்கும் ரப்பர் வாஷர் காய்ந்து இறுகினால் காற்று உள்ளே போகும். காற்று போனால் வெற்றிடம் நிற்காது, தண்ணீர் ஏறாது. சில ரூபாய் வாஷர் ஒன்று, பல லட்ச ரூபாய் வண்டியை நிறுத்திவிடும். பிரைமர், வால்வு, வடிகட்டி எல்லாம் இந்த ரகம்தான். இன்ஜினும் அப்படியே. லாரி ஓடும்போது காற்று பட்டுக் கொஞ்சம் குளிரும். தீயணைப்பு வண்டியோ நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் உறும வேண்டும். தினமும் ஸ்டார்ட் செய்து, பம்பை ஓட்டி, ஒருமுறை காலியான குழாயில் வெற்றிடம் நிற்கிறதா என்று பார்க்கிற வேலை செய்தி ஆகாது. அது நடந்த இடத்தில் செய்தியாக ஒன்றும் நடக்காது.

அடுத்தது, வண்டியை எங்கே நிறுத்துவது. முதலில் வரும் வண்டி வாசலை அடைத்து நின்றுவிட்டால் பின்னால் வரும் ஏணி வண்டிக்கு இடம் இருக்காது. காற்று வீசும் திசை, மேலே போகும் மின்கம்பி, சுவர் சரிந்தால் விழக்கூடிய தூரம், தண்ணீர் பிடிக்கத் திரும்பிப் போகும் வழி எல்லாவற்றையும் அந்த ஓட்டுநர் ஒரு நிமிஷத்தில் முடிவு செய்ய வேண்டும். தள்ளி நிறுத்தினால் ஹோஸ் நீளும். நீளமான ஹோஸில் அழுத்தம் குறையும். அதே ஹோஸில் இரண்டு மடங்கு தண்ணீர் அனுப்பினால் அழுத்த இழப்பு நாலு மடங்கு ஆகும்.

2017 மே 31 விடியற்காலையில் தி.நகர் உஸ்மான் சாலையில் சென்னை சில்க்ஸ் கட்டடம் பற்றியதை நாள் முழுக்க நேரலையில் பார்த்தோம். எதிரே மேம்பாலம், நெருக்கமான கட்டடங்கள், புகை வெளியேற வழியில்லாத முகப்பு. சுவரில் துளை போட்டுத் தண்ணீர் செலுத்த வேண்டியிருந்தது. மறுநாள் அதிகாலையில் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. "இன்னும் அணைக்க முடியவில்லை" என்ற ஒரே வாக்கியம் திரையில் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர் உள்ளே போய் எரியும் பொருளைத் தொடுகிறதா, சுவரை மட்டும் நனைக்கிறதா என்பதுதான் அன்றைய கேள்வி. அதை விளக்கிய நேரம் மிகக் குறைவு.

இரண்டு வாரம் கழித்து, ஜூன் 14 அன்று, லண்டனில் கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் இறந்தார்கள். அதற்கான பொது விசாரணை 2019லும் 2024லும் அறிக்கைகள் கொடுத்தது. கட்டடத்தின் வெளிப்பூச்சுப் பலகையைப் பற்றி மட்டும் அது பேசவில்லை. தீயணைப்பு வீரர்களுக்குத் தண்ணீர் எப்படிக் கிடைத்தது என்பதையும் நின்று நிதானமாக ஆராய்ந்தது. அவர்களும் அந்த இரவில் தடுமாறினார்கள். ஆனால் எங்கே தடுமாறினோம் என்று எழுதி வைத்தார்கள்.

நிருபர்களை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. பதிப்பு முடிய அரை மணி இருக்கும்போது அச்சுதான் கைகொடுக்கும். தாமதமும் சில இடங்களில் உண்மைதான், அதைக் கேட்கத்தான் வேண்டும். என் ஆட்சேபம் வேறு. "போராடினர்" என்ற சொல் வீரர்களைப் புகழ்வதுபோல இருந்து, அவர்கள் எதை வைத்துப் போராடினார்கள் என்பதை மறைக்கிறது. "தாமதம்" என்ற சொல் பழியை வண்டி ஓட்டியவர் தலையில் போட்டுவிட்டு, தொட்டி கட்டாத ஷெட் உரிமையாளரையும், வண்டி நுழையாத தெருவுக்கு அனுமதி கொடுத்தவரையும் தப்ப விடுகிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதி வண்டி வர வழி, நிலைத் தொட்டி, அதிலிருந்து வண்டி தண்ணீர் எடுக்க இணைப்பு எல்லாவற்றையும் பேசுகிறது. செய்தியில் அது ஒருநாளும் பாத்திரமாக வருவதில்லை.

நாலே நாலு கேள்வி செய்தியில் வந்தால் போதும் என்பேன். முதல் தொட்டி தீர்ந்ததும் தண்ணீர் எங்கிருந்து வந்தது? நடுவில் எத்தனை நிமிஷம் ஹோஸ் வறண்டு கிடந்தது? வண்டி கட்டடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் போக முடிந்தது? அந்த இடத்துக்கென்று தொட்டி இருந்ததா, அன்று அதில் தண்ணீர் இருந்ததா? இவற்றைத் தொடர்ந்து வாசிக்கிற ஊர், அடுத்த முறை வண்டி திரும்பும்போது வழி விடும்.

அந்த ஷெட் இருந்த இடத்தில் இப்போது புது ஷெட் வந்துவிட்டது. போன வாரம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். தொட்டி கட்டியிருக்கிறார்கள், நல்ல பெரிய தொட்டி. அதன் மூடிமேல் அட்டைப்பெட்டி மூட்டைகள் அடுக்கியிருந்தன. வாட்ச்மேனிடம் சொன்னேன். "சொல்றேன் சார்" என்றார். இந்த வாரம் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும்.