றொபின்சன் குறூசோ: ஒரு மீள்நோக்கு

பேரிலக்கியமாகப் போற்றப்படும் நாவல்களுள் சிறுவர் நூலாகவே பலருக்கும் முதலில் அறிமுகமாவது டானியல் டீபோவின் ‘றொபின்சன் குறூசோ’ (1719). ரூசோ தமது ‘எமில்’ நூலில் (1762) சிறுவன் கற்கவேண்டிய முதல் நூலாக இதனையே விதந்துரைத்தார். சுருக்கப் பதிப்புகளில் நாம் கற்றவை தீவு, குடில், மணலிற் பதிந்த காலடி ஆகியனவே. முதிர்ந்த பருவத்தில் முழு நூலையும் கற்குமிடத்து, தீவுக்கு முந்திய பகுதியே எம்மைத் தடுத்து நிறுத்துகின்றது.

அப்பகுதியிற் குறூசோ தானே மூர் இனத்தவரிடம் அடிமையாயிருந்து, சூரி என்னும் சிறுவனுடன் தப்புகிறான். உடன்வந்த அச்சிறுவனை அறுபது வெள்ளி நாணயங்களுக்குப் போர்த்துக்கேயக் கப்பல் தலைவனிடம் கொடுத்துவிடுகிறான். பிறேசிலில் தன் தோட்டத்துக்கு ஆள் தேவைப்படும்போதே அது தவறென அவனுக்குத் தோன்றுகின்றது. 1659இல் அவன் சென்ற கப்பல் உடைவதும் ஆபிரிக்க அடிமைகளைக் கொண்டுவரப் புறப்பட்ட பயணத்திலேயாம். எனவே அடிமை வாணிபத்தின் நடுவழியிலேதான் தீவின் தனிமை தோன்றுகின்றது. அங்கும் அவன் வாழ்வு, உடைந்த கப்பலிலிருந்து எடுத்துவந்த கருவிகளில் உறைந்துள்ள பிறரது உழைப்பின்மீதே எழுகின்றது. பின்னர் வந்த மனிதனுக்குப் பிறைடே எனப் பெயரிட்டு, தன்னை எசமான் என்றழைக்கக் கற்பிக்கிறான். அம்மனிதனின் சொந்தப் பெயர் கேட்கப்படுவதேயில்லை.

இவற்றைக் கண்டதும் நாவலை முதலாளித்துவப் புனைவென ஒதுக்குதல் எளிது. ஆனால் அது இயந்திரப் பாங்கான விமர்சனமாகும். சூரியின் விலையை எமக்குக் கூறுபவர் டீபோவே என்பது மனங்கொள்ளத்தக்கது. வரவு செலவை ஒளிக்காத வணிகனின் கணக்கு மனப்பான்மை அவரது யதார்த்தவாதத்தின் அடிப்படை. ஆசிரியர் கண்டிக்காதவற்றையும் அது பதிவுசெய்துவிடுகின்றது. இளமையில் நாம் அடைந்த மகிழ்ச்சிக்கும் காரணம் உண்டு. மட்பாண்டம் வனைதல், பார்லி விதைத்து அறுத்து ரொட்டி சுடுதல் ஆகியவற்றை ஒரே மனிதன் தொடக்கம் முதல் முடிவுவரை செய்யக் கண்டோம். ‘மூலதனம்’ முதற் பாகத்தில் (1867) மார்க்ஸ் குறூசோவை எடுத்துக்காட்டியதும், அவனுக்கும் அவன் ஆக்கிய பொருள்களுக்குமிடையிலான உறவு தெளிவாயிருந்தமையாலாகும். பண்ட உற்பத்தியில் மறைந்துபோகும் அத்தெளிவே சிறுவரைக் கவர்கின்றது என்பது எமது கருத்து.

ஆதலின் இளமை வாசிப்பைப் பொய்யெனத் தள்ளவேண்டியதில்லை. அது உழைப்பின் இன்பத்தை உணர்த்தியது. முதிர்ந்த வாசிப்பு அவ்வுழைப்பின் பயன் யாரைச் சேர்ந்தது என வினவுகின்றது. குறூசோ இறுதியிற் செல்வந்தனாவது பிறேசில் தோட்டத்தின் வருவாயாலேயாம். தீவில் அவன் வனைந்த பாண்டங்கள் அங்கேயே கிடக்கின்றன. சூரியையும் பிறேசிலையும் நீக்கிய சுருக்கங்களை மட்டும் மாணவர் கைகளிற் கொடுக்கும்வரை, அவ்வினாவை எழுப்பும் வாய்ப்பையே அவர்களுக்கு மறுப்பவராவோம்.