புதுக்கோட்டை ராஜாவும் மெல்போர்ன் மோலியும்

காதலுக்காக முடி துறந்த மன்னர் யார் என்று கேட்டால் எல்லோரும் இங்கிலாந்தின் எட்டாம் எட்வர்ட் என்பார்கள். அவர் துறந்தது 1936-இல். அதற்குப் பதினைந்து வருஷம் முன்பே எங்கள் புதுக்கோட்டை ராஜா, கட்டிய மனைவிக்காக ஆட்சியை விட்டுவிட்டார்! இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. நான் இருக்கும் ஷார்ஜாவின் முவைலாவில் என்னைத் தெரிந்த யாரும் இந்தக் கதையைக் கேட்காமல் தப்பியதில்லை.

இந்தப் பித்து பிடித்த வழியே விசித்திரமானது. ஜப்பான் என்.ஹெச்.கே. தொலைக்காட்சியில் 2014-இல் வந்த ‘ஹனாகோ டு ஆன்’ என்ற காலை நேரத் தொடரைப் பார்த்தேன். கதாநாயகியின் தோழியாக ஒரு பிரபு குலப் பெண் வருகிறாள். வீட்டார் பணத்துக்காக ஒரு நிலக்கரி முதலாளிக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். அவள் ஓர் இளைஞனோடு ஊரை விட்டுப் போய்விடுகிறாள். என்ன துணிச்சல்! யார் இவள் என்று தேடினால், நிஜமாகவே வாழ்ந்தவள். யனகிவாரா பியாகுரென், கவிஞர், பேரரசர் தைஷோவுக்கு அத்தை மாமன் வழியில் நெருங்கிய சொந்தம். கணவர் இட்டோ டென்எமோன், அடிமட்டத்திலிருந்து சுரங்கம் தோண்டிப் பெரும் பணக்காரரானவர், அவளைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். காதலித்தது மியாசாகி ரியூசுகே என்ற இளைஞரை. அவளைவிட ஏழு வயது இளையவர், தொழிலாளர் பக்கம் நின்றவர். இருவரையும் சந்திக்க வைத்தது அவள் எழுதிய ஒரு நாடகம். அதன் கரு நம் அங்குலிமாலன் கதை! புத்தர் கதை ஒன்று கடல் தாண்டிப் போய் ஒரு காதலுக்குத் தூது போயிருக்கிறது என்று படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

1921 அக்டோபரில் அவள் கணவனை விட்டுப் பிரிந்தாள். பிரிகிறேன் என்ற கடிதம் நாளிதழிலேயே அச்சாகி வந்தது. அந்தக் காலத்து ஜப்பான் சட்டத்தில், கட்டிய கணவனைத் தாண்டிப் போகும் மனைவி சிறைக்குப் போக வேண்டியவள். டென்எமோன் வழக்குப் போடவில்லை. அந்தப் பெருந்தன்மையும் என் மனசில் நிற்கிறது. பிரபு குடும்பத்துப் பட்டம், சலுகை எல்லாம் போயின. அண்ணன் மேல்சபைப் பதவியை விட்டு விலக வேண்டி வந்தது. அவள் ரியூசுகேயோடு எளிமையாகக் குடித்தனம் நடத்தினாள்.

இந்தக் கதையில் மூழ்கிக் கிடந்தபோதுதான் சொந்த ஊரின் கதை நெஞ்சில் தட்டியது. எட்வர்ட் டைக்கரும் கொரலி யங்கரும் எழுதி 1991-இல் வெளிவந்த ‘மோலி அண்ட் த ராஜா’ புத்தகத்தைத் தேடிப் பிடித்தேன். ஷார்ஜாவின் ஹவுஸ் ஆஃப் விஸ்டம் நூலகம் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. விடுமுறை நாளில் அதன் அமைதியில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக விழுங்கினேன். எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன், இப்படி என்னைப் பிடித்து உலுக்கியது வேறில்லை.

கதையைச் சொல்கிறேன். மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1875-இல் பிறந்தவர், 1886-இல் பதினோரு வயதுகூட நிறையாமல் பட்டத்துக்கு வந்தவர். மோலி ஃபிங்க் மெல்போர்னில் ஒரு வழக்கறிஞரின் மகள். இருவரும் 1915-இல் சிட்னியில் பார்த்துக்கொண்டார்கள். ராஜாவுக்கு முப்பத்தொன்பது வயது, அவளுக்கு இருபது. அந்த ஆகஸ்ட் 10-ஆம் தேதி மெல்போர்ன் பதிவு அலுவலகத்தில் திருமணம் முடிந்தது. கோவில் இல்லை, மேளம் இல்லை, யானை இல்லை. இத்தனைக்கும் சொந்தமாக ‘அம்மன் காசு’ அச்சடித்த ஒரு சமஸ்தானத்தின் ராஜா! முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த வருஷம் அது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

பிரிட்டிஷ் அரசுக்கு இது பொறுக்கவில்லை. இந்திய ராஜாவும் வெள்ளைக்காரப் பெண்ணும் சரிசமமாக உட்கார்ந்தால் தங்கள் மேலாண்மையின் அஸ்திவாரமே ஆடும் என்று பயந்தார்கள். மோலிக்கு மகாராணி என்ற மரியாதை கிடையாது, பிறக்கும் பிள்ளைக்குப் பட்டம் கிடையாது என்று அடித்துச் சொல்லிவிட்டார்கள். புதுக்கோட்டைக்குள்ளும் எதிர்ப்புதான். வெள்ளைக்காரி வயிற்றுப் பிள்ளை தொண்டைமான் சிம்மாசனத்தில் உட்காருவதா என்ற கேள்வி. கர்ப்பமாக இருந்தபோது மோலிக்கு யாரோ அரளி விஷம் கொடுக்கப் பார்த்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது. புதுக்கோட்டைக்கு வந்து ஆறு மாதம்கூட முழுசாக இருக்க முடியாமல், 1916-இல் இருவரும் கப்பல் ஏறினார்கள். மகன் மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் அதே வருஷம் ஜூலையில் சிட்னியில் பிறந்தான். பிள்ளையின் பெயரில் ஓர் ஊரையே சேர்த்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள்!

இந்தக் கட்டத்தை ரூமில் சொன்னபோது அறந்தாங்கித் தம்பி ஒருவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு நிமிர்ந்து உட்கார்ந்தான். “அண்ணே, நம்ம ராஜாவா? நெசமாவா? அவரு அந்தம்மாவ விட்டுட்டு வந்திருந்தா எல்லாம் சரியாப் போயிருக்குமே?” ஆமாம், போயிருக்கும். அதுதான் எனக்கு இந்தக் கதையின் உயிர். அவர் வேறொரு கல்யாணம் செய்துகொண்டு, நம்மூர்ப் பெண் வயிற்றில் ஒரு வாரிசைக் காட்டியிருந்தால் யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். ராஜாக்களுக்கு அது சாதாரணம். அவர் செய்யவில்லை. 1921-இல் ஆட்சிப் பொறுப்பை விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டார். சகோதரர் ரகுநாத பல்லவராயர் ரீஜண்ட் ஆனார். ராஜா மோலியோடும் மகனோடும் பிரான்சின் கான் நகரில் குடியேறினார்.

ஊதாரி ராஜா, நாட்டைக் கவனிக்காமல் வெளிநாட்டில் சுற்றியவர் என்று ஒரு பேச்சு எப்போதும் உண்டு. அவர் சிக்கனக்காரர் என்று நான் வாதாட வரவில்லை. அவர் குதிரைகள் ஆஸ்திரேலியப் பந்தயங்களில் ஓடியிருக்கின்றன. ஆனால் திருக்கோகர்ணத்தில் இன்றும் நிற்கும் அருங்காட்சியகம் 1910-இல் அவர் காலத்தில் பிறந்தது. அதைவிடப் பெரிது, கடைசி மூச்சு வரை ஒரே பெண்ணோடு நின்றது. 1928 மே மாதம் பாரிஸில் அவர் இறந்தார். லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் எரியூட்டினார்கள். புதுக்கோட்டை மண் அவருக்குக் கிடைக்கவில்லை. சிட்னி தொண்டைமானை ஒதுக்கிவிட்டு, ஆறு வயது ராஜகோபால தொண்டைமானுக்குப் பட்டம் கட்டினார்கள். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது.

காலம் நியாயம் செய்த விதம்தான் என்னைத் துள்ள வைக்கிறது. மோலியை ஏற்க மறுத்தது ஐந்தாம் ஜார்ஜின் அரசு. அவருடைய மூத்த மகன்தான் எட்டாம் எட்வர்ட்! ஜப்பானில் பியாகுரெனை வெளியே தள்ளிய பிரபு முறையே 1947-இல் ஒழிந்தது. அதே வருஷம் மனைவியைச் சிறைக்கு அனுப்பும் அந்தச் சட்டமும் போனது. மோலியும் பியாகுரெனும் ஒருவரையொருவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் இருவரும் இறந்தது ஒரே வருஷம், 1967.

ஜப்பானியர் தங்கள் பியாகுரெனை எப்படிக் கொண்டாடுகிறார்கள்! அவள் விட்டுப் போன டென்எமோன் வீட்டையே பத்திரமாகக் காத்து மக்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். காலைச் சாப்பாட்டு நேரத்தில் வீடு வீடாக அவள் கதை ஓடியிருக்கிறது. முவைலா மண்ணுக்கடியில்கூட இரும்புக் காலத்துத் தூண் மண்டபம் ஒன்றைத் தோண்டி எடுத்து, அங்கே யார் கூடினார்கள் என்று ஆராய்கிறார்கள். நமக்கோ பெயர் தெரியும், தேதி தெரியும், புகைப்படம்கூட இருக்கிறது. செசில் பீட்டன் போன்ற பெரிய கலைஞரே மோலியைப் படம் எடுத்திருக்கிறார். புதுக்கோட்டைப் பிள்ளைகளிடம் மோலி என்றால் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

சினிமாக்காரர்களே, நாவலாசிரியர்களே, இதைவிட என்ன கதை வேண்டும் உங்களுக்கு? மூன்று கண்டம், ஒரு சிம்மாசனம், ஒரு பதிவு அலுவலகம், அரளி விஷம், கப்பல் பயணம் எல்லாம் இருக்கிறது. வாசகர்களே, அந்தப் புத்தகம் கண்ணில் பட்டால் விடாதீர்கள். புதுக்கோட்டை பக்கம் போனால் திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், போகும்போது பிள்ளைகளையும் கூட்டிப்போய் இந்த ராஜாவின் கதையைச் சொல்லுங்கள்.