‘நோய் எதிர்ப்பு ஆற்றலைப் பெருக்கும்’ என்னும் கூற்று: நிலவேம்பு ஆய்வுகளை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

நிலவேம்பு நோய் எதிர்ப்பு ஆற்றலைப் பெருக்கும் என்னும் கூற்று தமிழ் மருத்துவக் கட்டுரைகளில் மீண்டும் மீண்டும் இடம்பெறுகிறது. அக்கூற்றுக்குச் சான்றாகக் காட்டப்படும் ஆய்வுகளுள் கணிசமானவை, நிலவேம்பின் முதன்மைச் சேர்மமான ஆண்ட்ரோகிராஃபலைடு நோய் எதிர்ப்பு அணுக்களின் செயலைத் தணிப்பதையே காட்டுகின்றன. விளைவின் திசை, செறிவு, சாற்றின் தூய்மை, மனிதரிடத்துச் சோதனை ஆகிய நான்கு அளவுகோல்களைக் கொண்டு இக்கூற்றை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: நிலவேம்பு, ஆண்ட்ரோகிராஃபலைடு, பெருவிழுங்கணுக்கள், அழற்சி, அகநச்சு, குடிநீர்.

முன்னுரை

நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சு வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் ஆகிய ஒன்பது சரக்குகளால் ஆனது நிலவேம்புக் குடிநீர். டெங்குக் காய்ச்சல் பரவிய ஆண்டுகளில் தமிழக அரசு இதனை மக்களுக்குப் பெருமளவில் வழங்கியது. 2020ஆம் ஆண்டின் கொரோனாத் தொற்றுக் காலத்தில் நிலவேம்பையும் ஒரு சரக்காகக் கொண்ட கபசுரக் குடிநீர் அவ்விடத்தைப் பெற்றது. சித்த மருத்துவத்தில் சுரத்திற்குரிய மருந்தாகச் சொல்லப்பட்ட இக்குடிநீர், அண்மைக்கால எழுத்துகளில் ‘எதிர்ப்பு ஆற்றலைப் பெருக்கும் பானம்’ என மறுபெயர் பெற்றுள்ளது. சுரத்தைத் தணிப்பது ஒரு பணி. எதிர்ப்பு ஆற்றலைப் பெருக்குவது மற்றொரு பணி. இவ்விரண்டும் ஒன்றெனக் கொள்ளப்பட்டதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

விளைவின் திசை

நோய் எதிர்ப்பு மண்டலம் கூட்டவோ குறைக்கவோ கூடிய ஒற்றைப் பொருள் அன்று. பெருவிழுங்கணுக்கள் கிருமியை விழுங்குகின்றன. கிளையணுக்கள் அதன் கூறுகளை டி அணுக்களுக்குக் காட்டுகின்றன. பி அணுக்களிலிருந்து எதிர்ப்பொருள் பிறக்கிறது. இவற்றை இயக்கும் சைட்டோகைன்கள் அளவு மீறும்போது உடலின் திசுக்களே சிதைகின்றன. ஆகவே ஒரு சேர்மம் எந்த அணுவை, எந்தத் திசையில் மாற்றுகிறது என்று கூறாத வரை ‘பெருக்கும்’ என்னும் சொல் ஆய்வு முடிவாகாது.

நிலவேம்பு பற்றிய ஆய்வுகளில் இரு திசைகளும் உள்ளன. 1993இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்றில், நிலவேம்பின் எத்தனால் சாறும் அதிலிருந்து பிரித்த டைட்டர்பீன் சேர்மங்களும், செம்மறியாட்டுச் செவ்வணுக்கள் செலுத்தப்பட்ட எலிகளில் எதிர்ப்பொருள் உருவாக்கத்தைத் தூண்டின. தனிச் சேர்மங்களைவிட முழுச்சாறே வலுவாகச் செயற்பட்டது என்பது அவ்வாய்வின் குறிப்பிடத்தக்க முடிவு. ‘பெருக்கும்’ என்னும் கூற்றுக்கு நேரான ஆதரவு இத்தகைய ஆய்வுகளிலிருந்தே கிடைக்கிறது.

2004இல் வெளியான ஆய்வு வேறொன்றைக் காட்டியது. அழற்சிக்குரிய மரபணுக்களை இயக்கும் புரதத் தொகுதியான என்.எஃப். காப்பா பி-யின் பி50 என்னும் கூற்றில், 62ஆம் இடத்திலுள்ள சிஸ்டீனுடன் ஆண்ட்ரோகிராஃபலைடு வேதிப்பிணைப்பு கொள்கிறது. அதனால் அப்புரதம் டி.என்.ஏ.வுடன் இணைய இயலாமற்போய் அழற்சி அடங்குகிறது. 2005இல், எலிகளில் செயற்கையாக உண்டாக்கப்பட்ட மூளை, தண்டுவடத் தன்னெதிர்ப்பு நோயில், இதே சேர்மம் டி அணுக்கள் தூண்டப்படுவதைத் தடுத்து நோயின் கடுமையைக் குறைத்தது. இவ்விரண்டும் தெளிவான தணிப்புச் சான்றுகள். இவற்றை அடிக்குறிப்பில் நிறுத்தி, மேலே ‘எதிர்ப்பு ஆற்றலைப் பெருக்கும்’ என்று எழுதுவது சான்றையும் முடிவையும் எதிரெதிராக நிறுத்துவதாகும்.

தணிப்பு என்பது குறைபாடு அன்று. கடுமையான டெங்குவில் நாளங்களிலிருந்து நீர்மம் கசியும் நெருக்கடி, பெரும்பாலும் காய்ச்சல் குறையத் தொடங்கும் நேரத்தில், குருதியில் வைரசின் அளவு இறங்கிவரும்போது நேர்கிறது. அதில் உடலின் எதிர்வினைக்கும் பங்கு உண்டு என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அந்நிலையில் அழற்சியைத் தணிக்கும் பொருள் பயன்தரக்கூடும் என்னும் கருதுகோளுக்கு இடமுண்டு. ‘பெருக்கும்’ என்னும் சொல்லோ அக்கருதுகோளையே எழவிடாமல் மறைத்துவிடுகிறது.

செறிவு

அணு வளர்ப்புக் குடுவையில் கண்ட விளைவு உடலிலும் நிகழுமா என்பது செறிவைப் பொறுத்தது. அணு ஆய்வுகள் பலவற்றில் ஆண்ட்ரோகிராஃபலைடு 10 மைக்ரோமோலாரும் அதற்கு மேலும் பயன்படுத்தப்படுகிறது. 2000இல் வெளியான ஆய்வில், 20 மி.கி. ஆண்ட்ரோகிராஃபலைடு அடங்கிய மாத்திரைகளை உட்கொண்டவர்களின் குருதி நீர்மத்தில் அதன் உச்ச அளவு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 393 நானோகிராம். இது சுமார் 1.1 மைக்ரோமோலார் மட்டுமே. அதிலும் பாதிக்கு மேற்பட்ட பகுதி குருதிப் புரதங்களுடன் பிணைந்து கிடந்தது. 2011இல் வெளிவந்த எலி ஆய்வின்படி, வாய்வழி செலுத்தப்பட்டதில் குருதியை மாறாமல் அடைந்த பங்கு 2.67 விழுக்காடு.

குடிநீரைப் பொறுத்தவரை இன்னொரு தடையும் உண்டு. ஆண்ட்ரோகிராஃபலைடு நீரில் அரிதாகவே கரையும். 1993ஆம் ஆண்டு ஆய்வில் பயன்பட்டது எத்தனால் சாறு. மக்கள் அருந்துவது நீரில் காய்ச்சி வடித்த குடிநீர். ஒன்றின் முடிவை மற்றொன்றுக்கு ஏற்றிச் சொல்ல வேண்டுமானால், குறிப்பிட்ட குடிநீரில் எந்தச் சேர்மம் எவ்வளவு உள்ளது என்ற அளவீடு முதலில் வேண்டும். ஒன்பது சரக்குகள் சேர்ந்த கலவையின் விளைவை ஒரு சரக்கின் ஒரு சேர்மத்தைக் கொண்டு விளக்குவது சித்த மருத்துவத்தின் கூட்டுச்சரக்கு நெறிக்கும் பொருந்துவதன்று.

சாற்றின் தூய்மை

தாவரச் சாறு பெருவிழுங்கணுக்களைத் தூண்டியது என்ற முடிவைப் படிக்கும்போது எழுப்ப வேண்டிய முதற்கேள்வி, அதில் அகநச்சு சோதிக்கப்பட்டதா என்பது. கிராம்-எதிர் பாக்டீரியாக்களின் புறச்சுவரிலுள்ள லிப்போபாலிசாக்கரைடே அகநச்சு எனப்படுகிறது. மிகச் சிறிய அளவிலும் அது பெருவிழுங்கணுக்களைக் கடுமையாகத் தூண்டவல்லது. மண்ணில் வளர்ந்து, களத்தில் உலர்ந்து, மூட்டையில் கிடந்த மூலிகையில் பாக்டீரியாக்கள் இருப்பது இயல்பு. கொதிக்கவைத்தால் அவை இறக்கும், அகநச்சு அழியாது. அதனை அழிக்க ஏறத்தாழ 250 பாகை உலர்வெப்பத்தில் அரைமணி நேரம் வைத்திருக்க வேண்டும்.

இது வெறும் ஐயம் அன்று. எக்கினேசியா உள்ளிட்ட, ‘எதிர்ப்பு ஆற்றல் மூலிகைகள்’ எனப் பெயர்பெற்ற சில தாவரங்களின் சாறுகளை ஆராய்ந்து 2008இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு, அவை குடுவையில் பெருவிழுங்கணுக்களைத் தூண்டியதில் பெரும்பங்கு பாக்டீரியாவின் லிப்போபுரதங்களுக்கும் லிப்போபாலிசாக்கரைடுக்கும் உரியது எனக் கண்டது. தாவரத்தின் பெயரில் எழுதப்பட்ட வரவு அதில் குடியிருந்த பாக்டீரியாவின் கணக்கில் சேர வேண்டியதாயிற்று. அகநச்சு அளவீடும், பாலிமிக்சின் பி போன்ற தடுப்புப் பொருளைச் சேர்த்துச் செய்த ஒப்பீடும் இல்லாத தூண்டல் முடிவுகளைச் சான்றாக ஏற்பதில் தயக்கம் காட்டுவதே முறை.

மனிதரிடத்துச் சோதனை

நிலவேம்புச் சாற்றின் குறிப்பிடத்தக்க மருத்துவச் சோதனைகளுள் ஒன்று பெருங்குடல் புண் அழற்சிக்கு நிகழ்ந்தது. 2013இல் வெளியான அதில் 224 பேர் எட்டு வாரம் பங்கேற்றனர். நாள்தோறும் 1800 மி.கி. பெற்றவர்களில் 60 விழுக்காட்டினரும், 1200 மி.கி. பெற்றவர்களில் 45 விழுக்காட்டினரும், மருந்துப்போலி பெற்றவர்களில் 40 விழுக்காட்டினரும் நலமேற்றம் கண்டனர். உயர் அளவில் மட்டுமே வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருளுடையது. நோய் அறவே தணிந்தோர் விகிதத்தில் அத்தகைய வேறுபாடு நிறுவப்படவில்லை. அடுத்த கட்டப் பெருஞ்சோதனை, இலக்கை எட்டாது என்ற இடைக்கால மதிப்பீட்டின் பேரில் 2014இல் நிறுத்தப்பட்டது. இங்குக் கருதத்தக்கது, இந்நோய் எதிர்ப்பு மண்டலத்தின் மிகைச்செயலால் வருவது என்பதாகும். எதிர்ப்பாற்றலைப் பெருக்கும் பொருள் என்று கருதியிருந்தால் அதனை இந்நோய்க்குத் தர எவரும் முன்வந்திருக்கமாட்டார்.

தொற்றுநோய்ச் சான்று இன்னும் மெல்லியது. தாய்லாந்தில் லேசான கொரோனாத் தொற்று உடைய 57 பேரிடம் நடந்த சோதனையில், நிலவேம்புச் சாறு பெற்ற 29 பேரில் எவருக்கும் நுரையீரல் அழற்சி வரவில்லை. மருந்துப்போலி பெற்ற 28 பேரில் மூவருக்கு வந்தது. இவ்வேறுபாடு பொருளுடையது என அறிவித்த முன்பதிப்பு, கணக்கீட்டுப் பிழையால் 2021இல் திரும்பப் பெறப்பட்டது. நிகழ்ந்த மூன்று நேர்வுகளும் தற்செயலாகவே மருந்துப்போலிக் குழுவில் விழும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்பதில் ஒன்று. இதனால் சாறு பயனற்றது என்று முடிவு கட்டவும் இயலாது. பயனுடையது என்று அறிவிக்கவும் இயலாது.

சொல்லின் பொறுப்பு

இத்திறனாய்வு சொற்பிழை திருத்தும் முயற்சி மட்டும் அன்று. மாற்றுச் சிறுநீரகம் பெற்று எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மருந்தை உண்பவருக்கு ‘பெருக்கும்’ என்பது அஞ்ச வேண்டிய செய்தி. முடக்குவாதத்தால் வருந்துபவருக்கும் அவ்வாறே. மாறாக, ‘தணிக்கும்’ என்பது உண்மையானால் ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் குன்றியவர் அதனை அறிந்திருக்க வேண்டும். எவர் அருந்தலாம், எவர் மருத்துவரைக் கேட்காமல் அருந்தக் கூடாது என்னும் அறிவுரை இச்சொல்லைச் சார்ந்தே நிற்கிறது.

தமிழ் மருத்துவ மரபு இத்தகைய ஒருதலைச் சொல்லைக் கோரவில்லை. வளி, அழல், ஐயம் மூன்றும் மிகினும் நோய், குறையினும் நோய் என்னும் கருத்தையே திருக்குறளின் மருந்து அதிகாரம் தொடக்கத்தில் வைக்கிறது. அணு ஆய்வுகள் காட்டும் இருதிசை விளைவை உரைக்க ‘பெருக்கம்’ என்பதைவிடச் ‘சீரமைவு’ என்பது நெருங்கிய சொல். எனினும் அதுவும் சான்றின்றி ஆளப்படின் மற்றொரு விளம்பரச் சொல்லாகிவிடும்.

முடிவுரை

நிலவேம்பின் சேர்மங்கள் நோய் எதிர்ப்பு அணுக்களின் செயலை மாற்றுகின்றன என்பதற்கு ஆய்வகச் சான்று உண்டு. அம்மாற்றம் குடிநீர் அருந்துவோரின் உடலில், நோயைத் தடுக்கும் அளவில் நிகழ்கிறது என்பது இங்கு நோக்கிய ஆய்வுகளால் நிறுவப்படவில்லை. இனிவரும் தமிழ்க் கட்டுரைகள் ஆய்ந்த தாவர உறுப்பையும் சாறெடுத்த கரைப்பானையும், எந்த அணுவில் எத்திசையில் மாற்றம் என்பதையும், பயன்பட்ட செறிவையும் குருதியில் கிட்டும் செறிவையும், அகநச்சுச் சோதனையின் முடிவையும் குறிப்பிடுதல் வேண்டும். இவை இல்லாதவிடத்து ‘எதிர்ப்பு ஆற்றலைப் பெருக்கும்’ என்னும் தொடரை ஆய்வுக் கட்டுரைகள் தவிர்ப்பதே தக்கது.