'குழந்தைகளுடன் தற்கொலை': ஒரு தொடரும் அது மறைக்கும் பொருளும்

1. சிக்கல்

பெற்ற மகவைக் கொன்று தானும் உயிர்துறக்கும் தாயைப் பற்றிய செய்தியைத் தமிழ் நாளிதழ்கள் 'குழந்தைகளுடன் தாய் தற்கொலை' எனத் தலைப்பிடுவது பெருவழக்கு. இந்தி இதழ்களின் 'பச்சோங் சங் குத்குஷி' என்பதும் இவ்வமைப்பினதே. தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் தென்னாட்டுப் பண்டங்கள் வாங்க வரும் தமிழர் போன்ற இருமொழியாளர்க்கு இவ்விரண்டும் பழகிய தொடர்கள். ஆயினும் இத்தொடர் நிகழ்ந்ததைக் கூறுவதன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2. வேற்றுமைப் பொருள்

மூன்றாம் வேற்றுமைக்கு நன்னூலார் கூறும் பொருள்களுள் ஒன்று உடனிகழ்ச்சி. 'உடன்' அப்பொருளில் வரும் சொல்லுருபு. 'தாய் குழந்தையுடன் வந்தாள்' என்பதில் வருதல் இருவர்க்கும் உரிய வினை. 'தாய் கூடையுடன் வந்தாள்' என்பதிலோ கூடை வெறும் கைப்பொருள். மேற்காட்டிய தலைப்பை முதல் வகையாகக் கொண்டால், குழந்தை தானே சாகத் துணிந்ததாகிறது. இரண்டாம் வகையாகக் கொண்டால், தாயின் உடைமையாகிறது. எவ்வாறாயினும் கொல்லப்பட்ட உயிராக அது தோன்றுவதில்லை. நல்லதங்காள் கதையில் இம்மயக்கம் இல்லை. ஏழு மக்களையும் அவள் கிணற்றில் எறிகிறாள். பின்னர்த் தானும் குதிக்கிறாள். வினைகள் இரண்டு.

3. கலைச்சொற்கள்

அமெரிக்க மனநல மருத்துவர் ஃபிலிப் ரெஸ்னிக் 1969இல் இத்தகைய கொலைகளை நோக்கம் பற்றி ஐந்தாக வகுத்தார். அவற்றுள் ஒன்று, குழந்தையைத் துன்பத்தினின்று விடுவிப்பதாக எண்ணிக் கொல்வது. இதனைப் 'பொதுநலக் கொலை' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது தவறு. கடும் மனச்சோர்வுற்ற தாய் தன் வாழ்வைப் போன்றே மகவின் வாழ்வும் இருண்டதென நம்பக்கூடும். அந்நம்பிக்கையே நோயின் கூறாகலாம். 'துயர்நீக்கக் கருத்துக் கொலை' எனல் பொருந்தும். வாழ்க்கைத் துணையைப் பழிவாங்கக் கொல்வதும் ஐந்தனுள் ஒன்றாதலின், எல்லாவற்றையும் நோயின்மேல் ஏற்றுதலும் இயலாது.

'சிசுக்கொலை' என்பதும் பொதுச்சொல்லாகாது. மகப்பேற்றின் விளைவாக மனநிலை குலைந்த தாய், பன்னிரு மாதம் நிரம்பாத தன் மகவைக் கொல்வதை இங்கிலாந்தின் 1938ஆம் ஆண்டுச் சட்டம் தனிக்குற்றமாக்கிற்று. அதனைச் 'சிசுக்கொலை' என்றால் தமிழ் வாசகர் பெண்சிசுக்கொலையையே எண்ணுவர். 'மகக்கொலை' என்னும் சொல்லைப் பொதுச்சொல்லாகக் கொள்ளலாம்.

4. சட்டம்

இந்தியச் சட்டத்தில் அத்தகைய தனிக்குற்றம் இல்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவும் 'சித்த சுவாதீனமின்மை'யையே விலக்காக ஏற்கின்றன. செயலின் தன்மையையோ, அது தவறு அல்லது சட்டத்திற்கு முரணானது என்பதையோ அறியும் ஆற்றல் செயற்பொழுதில் இல்லாதிருத்தல் வேண்டும். குழந்தையாகிய தன் மகளைக் கொன்ற தந்தையொருவரின் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்கவில்லை. எனவே 'மனநோய்', 'சித்த சுவாதீனமின்மை' ஆகியன ஒருபொருட் கிளவிகள் அல்ல.

தாய் பிழைத்துக்கொண்டால் சிக்கல் மேலும் கூர்மையாகிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலுக்கு ஆளானவர் என 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு ஊகிக்கிறது. அவ்வூகம் கொலைக் குற்றச்சாட்டை நீக்குவதில்லை. 'குழந்தைகளுடன் தற்கொலை முயற்சி' என்று பெயர்க்கப்படும் வாக்குமூலம் சட்டம் பிரித்து நோக்கும் இரு செயல்களை ஒன்றாக்கிவிடுகிறது.

5. முடிவு

'கல்நெஞ்சத் தாய்' என்னும் வழக்கு நோயை மறைக்கிறது. 'குழந்தைகளுடன்' என்னும் வழக்கு கொலையை மறைக்கிறது. 'மகவைக் கொன்று தாய் தற்கொலை' என வினையெச்சத்தால் அமைப்பின் இரு வினைகளும் தனித்தனியே நிற்கும். நோயைப் பற்றிய சொல் மருத்துவச் சான்று கிடைத்த பின்னரே அதனோடு சேர்தல் வேண்டும்.