எலும்பில்லாத முன்னோர்

பெங்களூரில் ஆதிமனிதனின் புதைபடிவத்தைத் தேடுவது வீண்வேலை. லால்பாக் பாறைக்கு வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டு. எலும்புள்ள உயிர் எதுவும் பிறந்திராத காலத்துப் பாறை அது. மேலே கிடக்கும் செம்மண்ணோ அமிலத்தன்மை கொண்டது, புதைத்த எலும்பை நாளடைவில் கரைத்துவிடும். தென்னிந்தியாவின் பெரும்பகுதிக்கு இதே கதிதான். ஆகவே நம் பழைய கற்கால ஆய்வு ஒன்றரை நூற்றாண்டாக ஒரே வழியில் நடந்துவருகிறது: ஆள் கிடைக்கவில்லை, ஆயுதம் கிடைத்திருக்கிறது, ஆயுதத்தை வைத்து ஆளைச் சொல். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்ததில் தொடங்கிய வழி இது. பின்னாளில் மைசூர் சமஸ்தானம் நிலவியல் துறையைத் தொடங்கியபோது அதற்கும் அவரே தலைமை ஏற்றார்.

இந்த வழியின் பலம் என்ன என்று கேட்டால் நான் காட்டுவது இசாம்பூரை. யாத்கிரி மாவட்டத்தில் ஹுணசகி ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த இடத்தைப் புனே டெக்கான் கல்லூரியின் கே. பத்தய்யா 1990களின் கடைசியில் அகழ்ந்தார். அதற்கு முன்பே இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பள்ளத்தாக்கை நடந்தே அளந்திருந்தவர் அவர். இசாம்பூர் ஒரு கல்பட்டறை. சுண்ணாம்புக்கல் அங்கே தட்டுத்தட்டாகத் தானே பிளந்து கிடக்கிறது. (பழைய பெங்களூரு வீடுகளின் கொல்லையில் பாவிய ஷாபாத் கல்லும் அதே பீமா பாறைத் தொகுதியைச் சேர்ந்ததுதான்.) வேலைக்குத் தோதான தடிமனுள்ள பலகையைத் தேர்ந்திருக்கிறார்கள், அதைவிடக் கடினமான கல்லைச் சுத்தியலாகக் கொண்டுவந்திருக்கிறார்கள், விளிம்பைத் தட்டித் தட்டிக் கைக்கோடரி செய்திருக்கிறார்கள். பாதியில் கைவிட்டதும், தெறித்த சில்லும், தேய்ந்த சுத்தியல்கல்லும் ஒரே தளத்தில் கிடக்கின்றன. செய்தவர் முன்யோசனையோடு வேலை பார்த்தார் என்பதை எந்த மண்டையோடும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

இனி சிக்கலுக்கு வருவோம். இது எப்போது நடந்தது? இசாம்பூரில் கிடைத்த மாட்டினப் பற்களின் எனாமலை எலக்ட்ரான் சுழல் ஒத்திசைவு முறையில் சோதித்தார்கள். மண்ணுக்குள் கிடக்கும் பல், சுற்றியுள்ள கதிரியக்கத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொள்ளும். சேர்ந்ததை அளந்தால் வயது தெரியும். ஆனால் பல் தானும் மண்ணிலிருந்து யுரேனியத்தை உறிஞ்சுகிறது. புதைந்த உடனே உறிஞ்சிவிட்டது என்று வைத்தால் வயது சுமார் 7,30,000 ஆண்டு. காலமெல்லாம் சீராக உறிஞ்சியது என்று வைத்தால் சுமார் 12,70,000. ஆய்வறிக்கை இரண்டையும் சொல்கிறது. சீரான உறிஞ்சலுக்கு அதற்கென்று காரணமும் காட்டுகிறது. ஊடகத்தில் நின்றது பெரிய எண் மட்டும். இடையில் ஐந்து லட்சம் ஆண்டுக்கு மேல் ஓர் அனுமானத்தில் தொங்குகிறது என்பதை வாசகனுக்கு யாரும் சொல்லவில்லை.

சென்னைக்கு வடமேற்கே உள்ள அத்திரம்பாக்கம் இந்த விஷயத்தில் உறுதியானது. சாந்தி பப்புவும் குழுவினரும் 2011இல் வெளியிட்ட சுமார் 15 லட்சம் ஆண்டு என்ற கணக்குக்கு, மண்ணின் காந்தப் பதிவு, விண்கதிரால் உண்டான அலுமினியம், பெரிலியம் அணுக்கள் என ஒன்றையொன்று சாராத இரண்டு சாட்சிகள் உண்டு. காலத்தை நம்புகிறேன். ஆளைப் பற்றிக் கேட்டால்தான் கல் வாய் மூடிக்கொள்கிறது. அங்கேயே சுமார் 3,85,000 ஆண்டுக்கு முன் கருவி செய்யும் முறை மாறி, கருக்கல்லை முன்கூட்டியே வடிவமைத்துச் சில்லெடுக்கும் லெவல்வா நுட்பம் தலையெடுத்தது என்று 2018இல் அவர்கள் எழுதினார்கள். உடனே, நவீன மனிதன் முன்பே இங்கு வந்துவிட்டானா என்று பேச்சு கிளம்பியது. ஆனால் இஸ்ரேல் குகைகளில் நியண்டர்தாலும் நவீன மனிதனும் இருவருமே லெவல்வா கருவி செய்திருக்கிறார்கள். கருவியைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? கர்நூல் ஜுவாலாபுரத்திலும் இதே கதை. சுமார் 74,000 ஆண்டுக்கு முன் வெடித்த தோபா எரிமலையின் சாம்பலுக்குக் கீழும் மேலும் கருவிகள் இருக்கின்றன. நவீன மனிதனுடையவை என்கிறது ஒரு தரப்பு, அவன் வந்தது பின்னால்தான் என்கிறது மறு தரப்பு. கருவிகளை மட்டும் வைத்து இந்த வழக்கை முடிக்க முடியாது.

அப்படியானால் எலும்பு கிடைத்தால் போதுமா? போதாது என்பதற்கும் இந்தியாவே சாட்சி. 1932இல் இமாசலத்தின் ஹரிதல்யாங்கர் பகுதியில் ஜி. எட்வர்ட் லூயிஸ் ஒரு மேல்தாடைத் துண்டை எடுத்து ராமபிதேகஸ் என்று பெயரிட்டார். (சுக்ரீவன் பெயரிலும் ஒன்று உண்டு, குரங்குக்கு அதாவது பொருத்தம்.) 1960களில் எல்வின் சைமன்ஸ் அதை மனிதனின் முதல் மூதாதை என்றார், பாடநூல்களும் ஏற்றன. தாடையின் நடுப்பகுதி கிடைக்காததால் வளைவை மனித வாய்போல் வரைந்துகொண்டதுதான் அடிப்படை. மனிதனும் ஆப்பிரிக்க வாலில்லாக் குரங்கும் பிரிந்து சுமார் 50 லட்சம் ஆண்டுதான் ஆகிறது என்று 1967இல் சாரிச்சும் வில்சனும் ரத்தப் புரதங்களை வைத்துச் சொன்னபோது எலும்பாளர்கள் சிரித்தார்கள். பாகிஸ்தானில் கிடைத்த சிவபிதேகஸ் என்ற தொல்குரங்கின் முகத்தை 1982இல் டேவிட் பில்பீம் வெளியிட்டார். அது ஒராங்குட்டானின் சாயல். ராமபிதேகஸும் அந்தக் கூட்டத்துக்குள் அடங்கிப்போனது. அதே 1982இன் டிசம்பரில் நர்மதைக் கரை ஹத்னோராவில் அருண் சோனகியா கண்டெடுத்த மண்டையோட்டுக்கும் அமைதியில்லை. முதலில் ஹோமோ எரக்டஸ், பிறகு தொன்மையான சேப்பியன்ஸ், சிலருக்கு ஹைடல்பெர்கென்சிஸ். ஒரே ஒரு மண்டையோட்டை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்வது?

எனவே கல்லைக் குறை சொல்லி எலும்பை உயர்த்துவதில் எனக்கு உடன்பாடில்லை. கல் ‘எப்படி’ என்ற கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்லும். ‘யார்’ என்று கேட்டு அதை வதைப்பது நாம்தான். அருங்காட்சியகப் பலகைகளில் கைக்கோடரிக்கு மேல் முழு மனித உருவம், தாடி மீசையோடு வரையப்படுகிறதே, அதை எடுத்துவிட்டு வயதுக் கணக்கின் கீழ்வரம்பையும் மேல்வரம்பையும் எழுதலாம்.

‘யார்’ என்பதற்கு விடை வேண்டுமானால் எலும்பு தங்கும் மண்ணுக்குப் போகவேண்டும். இலங்கை ஃபாஹியன் குகையில் சுமார் 38,000 ஆண்டுப் பழமையான மனித எலும்புகள் தங்கியிருக்கின்றன. நம் பக்கத்தில் சுண்ணாம்புக் குகைகள் கர்நூலில் உள்ளன. 1884இல் பில்லாசுரகம் குகைகளை ஃபுட்டும் அவர் மகன் ஹென்றியும் தோண்டினார்கள். விலங்கெலும்புகள் குவியலாக வந்தன, எலும்புக் கருவிகள் என்று அவர்கள் நம்பியவற்றை இன்று ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். பெங்களூரிலிருந்து ஒரு பகல் பயணம். அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்தான் பேத்தம்செர்லா கல் என்று நம் வீடுகளுக்குத் தரைபாவ வருகிறது. குவாரிக்காரர் முந்துவதற்குள் ஆய்வாளர் அங்கே மறுபடி போயாகவேண்டும்.